குரல்வழி முன்னேற்றம்

கல்குவாரிக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பில் இணையத்தின் மேல் யாருக்கும் ஆசையே இல்லை என்று, ஊரூருக்கும் இணையம் கொண்டுபோவதற்கென்றே இருக்கும் ஆணையம் கண்டுபிடித்தது. எப்படிக் கண்டுபிடித்தது என்றால், தொலைபேசியில் ஆய்வு நடத்தி. வீடு வீடாகக் கூப்பிட்டுப் பார்த்தார்களாம். பெரும்பாலான வீடுகளில் யாரும் எடுக்கவில்லை. எடுத்த ஓரிருவரும் ‘ஊம்’ கொட்டாமல் வைத்துவிட்டார்கள். ‘தொழில்நுட்பத்தின் மீது ஆழ்ந்த அலட்சியம்’ என்று கொட்டை எழுத்தில் அறிக்கை போட்டு, அந்த அலட்சியத்தைப் போக்குவதற்குத் தனியாக நிதியும் ஒதுக்கினார்கள்.

அந்தக் குடியிருப்பில் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இது ஒன்றும் ரகசியம் இல்லை. குவாரி வாசலில் பேருந்தை விட்டு இறங்கிக் கொஞ்சதூரம் நடந்து வந்து எட்டிப் பார்த்திருந்தால் எந்த மடையனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் எட்டிப் பார்ப்பது ஆய்வு முறைகளில் சேராது போலிருக்கிறது.

மெத்தை தைக்கிறவர்கள் அவர்கள். ஊருக்கெல்லாம் படுக்கை தைத்துக் கொடுத்துவிட்டு ஊரோடு ஒட்டாமல் இருப்பவர்கள். ஊரும் அவர்களை ஒட்டவிட்டதில்லை. கேட்கிறவர்களும் கேட்காதவர்களும் ஒரே கூரையின் கீழ் காலங்காலமாக வாழ்ந்ததில், எல்லோருக்குமாகக் கைப்பேச்சு ஒன்று உண்டாகிவிட்டது. வேறெங்கும் அது கிடையாது. பேச வேண்டுமென்றால் ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு இரண்டு கையையும் விடுவித்துக்கொள்வார்கள். குறுக்கே பேச வேண்டுமென்றால் ஒரு பிடி பஞ்சை உருட்டி அடுத்தவர் மேல் எறிவார்கள். புறணி, கேலி, கல்யாணப் பேச்சு, கடவுளைத் திட்டுவது எல்லாம் அந்தக் கையில் உண்டு.

வெளியாள் யாராவது வந்தால் வாயால் பேசி அனுப்புவதற்கு அங்கே ஒருத்தி இருந்தாள். அதனாலேயே அவளுக்கு வாயாடி என்று பெயர். அப்படியொன்றும் பேசிக் கிழித்துவிட மாட்டாள், பாவம். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இருப்பது ஒரே மகள். மகளுக்குக் காது கேட்காது. காது கேட்காதவளுக்குப் பாடம் எதற்கு என்று பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பியதால் எழுத்தும் தெரியாது. கடல் கடந்த ஊரில் தலையணைத் தொழிற்சாலை ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு தரகன் வந்தான். மகள் போனாள். போன இடத்தில் நெஞ்சில் பஞ்சுத் தூசி அடைத்து, இப்போது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள்.

அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி நம் பாஷை பேசுகிறவள். அவள்தான் தேடிப் பிடித்துக் கூப்பிட்டாள். “அம்மா, உங்க பொண்ணு ஏதோ கையால சொல்றா. இங்க யாருக்கும் ஒண்ணும் புரியல. உங்க முகத்தப் பாத்தா நல்லா இருக்கும். வீடியோல வரமுடியுமா?”

இந்த ஒரு கேள்விதான். இதற்குமேல் வாயாடிக்கு உலகத்தில் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அரைநாள் பேருந்தில் போனால் டவுன் வரும். அங்கே ஒரு கடையில் உட்கார்ந்து பார்க்கலாம். இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் மகள் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிற முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். மகள் எப்போது கண் விழிப்பாள் என்று நர்சுக்கே தெரியாது. கடைக்காரன் எத்தனை நாள் முகம் சுளிக்காமல் உட்கார வைப்பான்?

இந்த நேரத்தில்தான் குடியிருப்பின் நடுவில் ஆணையத்தின் இணையக் கோபுரம் முளைத்தது. தெய்வமே இறங்கி வந்த மாதிரி இருந்தது வாயாடிக்கு. திறப்பு விழாவுக்கு ஆணையத்தின் இயக்குநர் வந்தார். தடித்த கண்ணாடி, தடித்த குரல்.

“இதுவரைக்கும் உங்கள் குரல் யாருக்கும் கேட்கவில்லை!” என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். “ஏன் கேட்கவில்லை? நீங்கள் பேசவில்லை! இனி உங்கள் குரல் உலகம் முழுக்க ஒலிக்கும்! காது கொடுத்துக் கேளுங்கள், இது உங்கள் காலம்!”

முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவளிடம் கையால் ஏதோ கேட்டார். அவளும் பதில் சொன்னாள். ‘மக்கள் உணர்ச்சிவசப்பட்டுக் கையை ஆட்டினர்’ என்று அன்றைய செய்திக்குறிப்பில் வந்தது. அவர் கேட்டது, சாப்பாடு எப்போது போடுவார்கள் என்று.

அடுத்து பயிற்சி முகாம். பாடங்கள் எல்லாம் ஒலிப்பதிவில் வந்தன. பயிற்சியாளர் பெட்டியைத் தட்டிவிட்டு ஓரமாக நின்றுகொள்வார். “வணக்கம் நண்பர்களே, இப்போது நீங்கள் கேட்கும் ஒலி...” என்று பெட்டி தொடங்கும். நண்பர்கள் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேர் வாசித்து வருகை எடுத்தார்கள். பதில் சொல்லாதவர்கள் வரவில்லை என்று கணக்கு. எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தே, “இவர் இன்னிக்கும் வரல” என்று பயிற்சியாளர் குறித்துக்கொண்டார். வயிறெரிந்துபோய் வாயாடி எல்லோருக்குமாகச் சேர்த்து “இருக்காங்க, இருக்காங்க” என்று சொல்லத் தொடங்கினாள். ஆள்மாறாட்டம் செய்கிறாள் என்று அவளைக் கண்டித்தார்கள். பிறகு, எல்லா வகுப்புக்கும் எல்லார் பெயரிலும் வந்த ஒரே ஆள் என்பதால் முதல் சான்றிதழும் அவளுக்கே கிடைத்தது.

சான்றிதழோடு ஒரு போனும் கொடுத்தார்கள். வாயாடி அதைக் கையில் வாங்கியதும் அங்கேயே நர்சைக் கூப்பிட்டு வீடியோவை அழுத்தினாள். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள்: “உங்கள் பகுதிக்குக் குரல் சேவை மட்டுமே அனுமதிக்கப்பட்டுள்ளது. தொடர்ந்து பேசுங்கள்.”

மறுநாளே ஆணையத்தின் அலுவலகத்துக்குப் போனாள். குளிரூட்டிய அறை. சுவரில் ‘அனைவருக்கும் அனைத்தும்’ என்று எழுதியிருந்தது. இயக்குநர் அவளை உட்காரச் சொன்னார். நல்ல மனிதர், அதில் குறை சொல்வதற்கில்லை.

“ஐயா, வீடியோ வர மாட்டேங்குது.”

“வராதும்மா. உங்களுக்கு அது இல்ல. குரல்ங்கறது தேவை. முகம்ங்கறது ஆசை. தேவைய முடிச்சிட்டுத்தான ஆசைக்குப் போகணும்?”

“என் பொண்ணுக்குக் காது கேக்காதுய்யா. அவ கையாலதான் பேசுவா. கையப் பாத்தாத்தான் என்ன சொல்றான்னு எனக்குத் தெரியும்.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். “அப்போ அவங்களப் பேசப் பழக்கியிருக்கணும். திறன் மேம்பாடுதானம்மா நம்ம நோக்கமே. உங்கள மாதிரி மக்களுக்கு எடுத்த எடுப்புலயே வீடியோவத் திறந்துவிட்டா என்ன ஆகும்? ராத்திரி பகலா சினிமா பாப்பாங்க. வேலை கெடும், குடும்பம் கெடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். என் பையனுக்கே நான் ரொம்ப நேரம் குடுக்கறதில்ல.”

“அவ செத்துட்டிருக்காய்யா.”

அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

“வழி இல்லாம இல்ல” என்றார் இயக்குநர். “இரண்டாம் நிலைக்கு விண்ணப்பிக்கலாம். பேசற ரெண்டு பேரும் குரல் தேர்வுல தேறணும். உங்க பொண்ணு அவங்க பேரையும் சம்மதத்தையும் தெளிவா உச்சரிச்சாப் போதும், இயந்திரமே புரிஞ்சுக்கும்.”

“அவளுக்குப் பேச வராதுன்னுதானய்யா...”

“புரியுது. அதுக்குன்னே காது கேளாதோர் சிறப்புப் பிரிவு வெச்சிருக்கோம். இந்த நம்பர்ல கூப்பிடச் சொல்லுங்க. மணிச்சத்தம் கேட்டதும் குறையச் சொல்லணும்.”

சிரிக்கிறதா, அழுகிறதா? வாயாடி இரண்டும் செய்யாமல் கும்பிடு போட்டுவிட்டு வந்தாள். வாசலில் இருந்த காவலாளி, “போன வேலை ஆச்சா பெரியம்மா?” என்று கேட்டார். “ஆச்சுப்பா, ஆச்சு” என்றாள்.

அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தாள் என்ன, வேறு போக்கு இல்லை. மகள் விழித்தபோது நர்ஸ் கூப்பிட்டாள். வாயாடி சொன்னாள்: “கண்ணு, அவ கை என்ன பண்ணுதோ அதை அப்படியே எனக்குச் சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு.”

நர்ஸ் திணறினாள். “வலது கைய மூடிக்கிட்டு... கன்னத்துகிட்ட கொண்டு வர்றா. இப்போ திருப்பறா. அப்புறம் ரெண்டு விரல நீட்டி... கீழ, இல்ல, பக்கவாட்டுல இழுக்கறா.”

“வேகமாவா மெதுவாவா?”

“மெதுவா.”

“முகம்? புருவம் ஏறியிருக்கா?”

“ஏறியிருக்கும்மா.”

“குளிருதான்னு கேக்கறா” என்றாள் வாயாடி. “இங்க குளிருதான்னு என்னைக் கேக்கறா. நீ அவகிட்டச் சொல்லு கண்ணு. சொல்லித் தரேன், அதே மாதிரி கைய வை.”

இப்படியாக, வாயிலிருந்து காதுக்கு வந்த கைகளை வாயாடி கண்ணை மூடிக்கொண்டு தன் கையில் போட்டுப் பார்த்துப் புரிந்துகொண்டாள். பாதி புரியும். பாதி போய்விடும். நர்ஸ் ஒரு விரலை மறந்தாலும் போயிற்று. மகள் கோபத்தில் கையை இழுத்துக்கொள்வாள் என்று நர்ஸ் சொல்வாள். அந்தக் கோபம் மட்டும் வாயாடிக்கு முழுதாகப் புரிந்தது.

இது எப்படியோ பயிற்சியாளர் காதுக்குப் போய், அவர் வாயிலிருந்து இயக்குநர் காதுக்கும் போயிற்று. இயக்குநர் துள்ளிக் குதித்தார். அந்த வாரமே ஒரு குறிப்பு வெளிவந்தது: ‘காட்சிச் சேவை இன்றியே சைகை மொழியைக் குரல்வழி பரிமாறும் புதுமை. குரல் சேவையே போதுமானது என்பது ஐயமற நிரூபணம்.’ இதையே காரணம் காட்டி, பக்கத்துக் குடியிருப்புகளுக்குத் தருவதாக இருந்த வீடியோவையும் நிறுத்தினார்கள். வாயாடியை ஆண்டுவிழாவின் முன்மாதிரிப் பயனாளியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

விழாவுக்கு முந்தின சாயங்காலம் நர்ஸ் கூப்பிட்டாள். குரல் ஒருமாதிரி இருந்தது. “டாக்டர் இனிமே ஒண்ணும் இல்லன்னுட்டாரும்மா. நாளைக்கோ, மறுநாளோ. நீங்க டவுனுக்கு வந்துடுங்க. எப்படியாவது ஒருதடவ முழிக்க வெச்சுக் காட்டறேன்.”

வாயாடி அப்போதே கிளம்பிக் குவாரி வாசலுக்கு ஓடினாள். நாளைக்குப் பேருந்து கிடையாது என்றார் நடத்துநர். விழாவுக்கு ஆள் ஏற்றிவர ஆணையம் எடுத்துக்கொண்டுவிட்டது. குடியிருப்பு மக்களின் கைதட்டல் ஒலிப்பதிவுக்குப் போதவில்லை என்று வெளியிலிருந்து நன்றாகக் கைதட்டுகிறவர்களைக் கொண்டுவருகிறார்களாம்.

“ஒரே ஒரு ஆள ஏத்திக்கிட்டுப் போகக்கூடாதாப்பா?”

“போறது காலி வண்டிதான் பெரியம்மா. ஆனா ஏத்தக்கூடாதுன்னு உத்தரவு. என் பொழப்பும் பாக்கணும்ல?”

திரும்பி வரும் வழியில் கோபுரத்தின் அடியில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் முக்காலியில் பெரிய கேமரா ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தான். நாளை விழாவை உலகம் முழுக்க நேரலையில் காட்டப் போகிறார்கள், படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும் என்று அவனாகவே பெருமையடித்துக்கொண்டான்.

“எது வழியா தம்பி போகும்?”

“இந்தக் கோபுரம் வழியாத்தான். வேற எது வழியா?”

வாயாடி கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். இத்தனை நாளும் அதற்கு முகம் காட்டத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. அவளுக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஆனால் ஆத்திரப்பட நேரம் இல்லை. நர்சைக் கூப்பிட்டாள்.

“நாளைக்கு நான் அதுல வருவேன் கண்ணு. மேடையில என்னப் பேச விடுவாங்க. நீ உன் போன்ல அதப் போட்டு அவ முன்னால பிடி. என்னால அவளப் பாக்க முடியாது. பரவால்ல. அவ என்னப் பாத்தாப் போதும்.”

“மருந்து குடுத்தாத் தூங்கிடுவாம்மா. டாக்டர்கிட்டக் கேட்டு, நாளைக்குக் குடுக்காம வெக்கறேன். வலிக்கும். ரொம்ப நேரம் தாங்க மாட்டா. சீக்கிரம் வந்துடுங்க.”

விழாவில் வாயாடியை மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். முக்காட்டுக்குள் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். எதிரே முன்வரிசைகளில் பேருந்தில் வந்தவர்கள். அவர்களுக்குப் பின்னால் குடியிருப்பு.

“முழிச்சிருக்கா. பாத்துட்டிருக்கா” என்றாள் நர்ஸ் காதுக்குள்.

வரவேற்புரை தொடங்கியது. வரவேற்றவரை இன்னொருவர் வரவேற்றார். பொருளாளர், தான் ஏன் அதிகம் பேசப் போவதில்லை என்பதை விளக்கி நெடுநேரம் பேசினார். ஆலோசகர் அம்மையார் ஒருவர், “விளிம்பில் இருப்பவர்களை நாம் மையத்துக்குக் கொண்டுவரவில்லை, மையத்தையே விளிம்புக்குக் கொண்டுவந்திருக்கிறோம்” என்று சொல்லி, கைதட்டலுக்காக நிறுத்தினார். கிடைத்தது.

“வலிக்குதும்மா அவளுக்கு. பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கா. மருந்து குடுக்கவான்னு காட்டினேன். வேணாம்னு தலையாட்டறா.”

வாயாடி எழுந்து இயக்குநரிடம் போனாள். “ஐயா, என்ன முன்னால விட்டுடுங்க. ஒரே ஒரு நிமிஷம். அங்க அவ காத்துக்கிட்டிருக்கா.”

“நிகழ்ச்சி நிரல்னு ஒண்ணு இருக்கும்மா” என்றார் இயக்குநர் கனிவாக. “நீங்கதான் கடைசி. சிகரமே நீங்கதான்.”

பிறகு அவரே எழுந்தார். தான் சின்ன வயதில் கண்ட கனவிலிருந்து ஆரம்பித்தார். கனவு நீளமாக இருந்தது. “யாரையும் காத்திருக்க வைக்காத ஒரு உலகம்!” என்று அவர் கை உயர்த்தியபோது, காதுக்குள் நர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தாள்: “கண்ணு சொருகுதும்மா. தட்டித் தட்டி முழிக்க வெக்கறேன். எப்போ வருவீங்க?”

“இதோ கண்ணு. இதோ வந்துட்டேன்” என்றாள் வாயாடி நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

கடைசியில் அவளைக் கூப்பிட்டார்கள். ஒலிவாங்கியை அவள் வாய்க்கு நேராக இறக்கினார்கள். “பேசுங்கம்மா. உலகமே கேட்டுட்டிருக்கு.”

வாயாடி போனை இடுப்பில் செருகிக்கொண்டு, கேமராவுக்கு நேராகத் திரும்பி, இரண்டு கைகளையும் தூக்கினாள். முதலில் மகளின் பெயரைச் சொன்னாள். ஆள்காட்டி விரலால் கன்னத்தில் ஒரு குழி. அதுதான் அவள் பெயர். பிறகு சொன்னாள்: அம்மா வந்துட்டேன் பார். உன்ன அனுப்பினது என் தப்புடி. அங்க வெயில் வருதா? நீ தெச்ச தலையணையிலதான் நான் படுக்கறேன். பயப்படாத, பக்கத்துலதான் இருக்கேன்.

பின்னால் நின்ற குடியிருப்பு மொத்தமும் அசையாமல் பார்த்தது. முன்வரிசைகளில் கிசுகிசுப்பு எழுந்தது. இயக்குநர் பதறிப்போனார். ஒலிப்பொறியாளன் காதில் மாட்டியிருந்ததை அழுத்திப் பிடித்துக்கொண்டு, உதட்டைப் பிதுக்கினான்.

“சார், சத்தம் வரல. ஏதோ கோளாறு.”

“அப்போ நிறுத்துய்யா! இப்படியா உலகத்துக்குக் காட்டறது?”

நிறுத்தினான். கேமராவின் மேல் எரிந்த சிவப்பு விளக்கு அணைந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று வாயாடிக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தாள். சொல்ல நினைத்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். நர்சின் குரல் இடுப்பில் கத்துவது கேட்டுத்தான் போனை எடுத்தாள்.

“அம்மா, வந்தீங்க, உடனே போயிட்டீங்க! திரை கறுப்பாயிடுச்சு. அவ கறுப்பையே பாத்துட்டிருக்கா.”

“என்னப் பாத்தாளா? பாத்தாளா கண்ணு?”

“பாத்தா. ஒரு நொடி. உடனே கையத் தூக்கினா. ரெண்டு கையும் எதிரெதிரா வெச்சு, மேலேருந்து கீழ கொண்டு வந்து, வர வரக் கிட்டக் கிட்டக் கொண்டு வந்தா. அப்புறம் நெத்தியத் தொட்டா.”

வாயாடி தன் கையில் அதைப் போட்டுப் பார்த்தாள். முன்வரிசைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

“அம்மா இளைச்சுப் போயிட்டாங்கறா” என்றாள்.

அவளுக்கு அழுகை பீறிட்டு வந்தது. அந்த அழுகை ஒலிவாங்கியில் கணீரென்று விழுந்தது. “சத்தம் வந்துடுச்சு சார்!” என்றான் பொறியாளன். உடனே நேரலையைத் திறந்தார்கள். அதற்குள் இயக்குநர் முந்திக்கொண்டு ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டார். கண்கள் கலங்கியிருந்தன. நடிப்பு இல்லை, நிஜமாகவே கலங்கியிருந்தன.

“ஒரு தாய்! ஒரு மகள்! நடுவில் ஒரு கடல்! அந்தக் கடலைத் தூர்த்தது எது?”

“படம் வந்துடுச்சும்மா” என்றாள் நர்ஸ். “ஆனா நீங்க இல்ல. அந்தக் கண்ணாடிக்காரர்தான் தெரியறார்.”

“நான் அவருக்குப் பின்னாலதான் நிக்கறேன் கண்ணு.”

“அவ கைய ஆட்டறா. ஒதுங்கு, ஒதுங்குங்கற மாதிரி. இது எனக்கே புரியுதும்மா. அவர ஒதுங்கச் சொல்றா.”

வாயாடி இயக்குநரின் தோளைத் தொட்டாள். “ஐயா, கொஞ்சம் ஒதுங்குங்க. என் பொண்ணு ஒதுங்கச் சொல்றா.”

இயக்குநர் ஒலிவாங்கியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். “ஒரே நிமிஷம்மா. உங்க பொண்ணப் பத்தித்தான் பேசிட்டிருக்கேன்.”

தொண்டர்கள் இருவர் அவளை மரியாதையாகக் கைத்தாங்கி ஓரத்துக்கு நகர்த்தினார்கள். படத்தை மறைக்கிறதாம். அவள் திமிறினாள். போன் மட்டும் காதை விட்டு விலகவில்லை.

“இன்னும் ஆட்டறாளா?”

இயக்குநரின் குரல் ஒலிபெருக்கியில் ஒருமுறையும், கடல் தாண்டிப் போய்ப் போன் வழியாகத் திரும்பி வந்து இன்னொரு முறையும் வாயாடிக்குக் கேட்டது.

“கை இறங்கிடுச்சும்மா” என்றாள் நர்ஸ்.

வாயாடி மேடையின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எதிரே குடியிருப்பில் யாருக்கும் யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இயக்குநர் இன்னும் முடிக்கவில்லை.

“போர்த்தி விடு கண்ணு” என்றாள் வாயாடி. “கையை மட்டும் வெளிய வெச்சுடு.”